பிஎச்பியில் தமிழ்த் தளம் நடத்துகிறவர்களுக்கு: எம்பிஸ்ட்ரிங், இன்ட்ல், ஐகான்வ் பற்றி

ஒரு செய்தித் தளத்தின் முகப்பில் ஒரு தலைப்பு "திருநெல..." என்று நின்றிருந்தது. பார்த்தவுடனேயே என்ன நடந்திருக்கும் என்று புரிந்துவிட்டது. எழுதியவர் திருநெல்வேலி என்று சரியாகத்தான் எழுதியிருப்பார். நீளம் போதவில்லை என்று நறுக்கிய நிரல், ல் என்பதை ஒரு எழுத்தாகப் பார்க்காமல் ல தனி, புள்ளி தனி என்று பார்த்து, புள்ளியை வெட்டி எறிந்துவிட்டது. தமிழ்ப் பத்திரிகையில் புள்ளி இல்லாமல் ஊர்ப் பெயர் அச்சாகி வந்தால் மறுநாள் வாசகர் கடிதம் வந்துவிடும். இணையத்தில் அது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது.

பன்னிரண்டு வருடமாக, இணையத் தளங்களை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியில்தான் எழுதுகிறேன். ஒரு சிறிய பதிப்பகத்தின் புத்தக விற்பனைத் தளம், இரண்டு சிற்றிதழ்களின் தளங்கள், ஒரு நூலகத்தின் பட்டியல் என்று எல்லாமே தமிழ். எம்பிஸ்ட்ரிங், இன்ட்ல், ஐகான்வ் என்ற இந்த மூன்று நீட்சிகளையும், அதாவது மொழியோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும், நாம் பேச்சில் எக்ஸ்டென்ஷன் என்று சொல்லும் பகுதிகளை, ஒவ்வொரு தளத்திலும் போட்டுப் பார்த்து, அடிபட்டு, திருத்திப் பழகியிருக்கிறேன். அதனால் எது எதற்கு உதவும், எங்கே கைவிடும் என்று எழுதலாம் என்று தோன்றியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எம்பிஸ்ட்ரிங் மட்டும் இருந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். இன்ட்ல் கட்டாயம் வேண்டும். பலர் அதை விருப்பப்பட்டால் போட்டுக்கொள்ளும் ஒன்றாக நினைக்கிறார்கள், தமிழுக்கு அது சரிவராது.

ஏன் என்று "தமிழ்" என்ற சொல்லை வைத்தே பார்த்துவிடலாம். பிஎச்பியோடு பிறந்த ஸ்டர்லென் ஃபங்ஷனிடம் இதன் நீளத்தைக் கேட்டால் 15 என்கிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், அது பைட்டைத்தான் எண்ணுகிறது. எம்பிஸ்ட்ரிங் தரும் எம்பி ஸ்டர்லென்னிடம் கேட்டால் 5: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. இன்ட்ல் தரும் கிராஃபீம் ஸ்டர்லென் 3 என்கிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் 3 என்றுதான் சொல்லும். இந்த 15, 5, 3 மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

இதெல்லாம் மொழிக்குள்ளேயே இருக்க வேண்டாமா என்று கேட்டால், இருந்திருக்க வேண்டும்தான். பிஎச்பி 6 என்று ஒன்றைத் திட்டமிட்டு, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தை மொழியின் அடிவயிற்றிலேயே வைக்கப் பல வருடம் உழைத்தார்கள். வேகம், நினைவகம், பழைய நிரல்களோடு ஒத்துப்போவது என்று எல்லாப் பக்கமும் சிக்கல் வந்து 2010-ல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். அதனால்தான் 5-க்கு அப்புறம் நேராக 7 வந்தது. யூனிகோட் வேலை எல்லாம் நீட்சிகளின் தலையில் விழுந்தது.

எம்பிஸ்ட்ரிங்கிலிருந்து தொடங்குகிறேன். 2001-ல் பிஎச்பி 4.0.6 காலத்திலிருந்து இருக்கிறது. ஜப்பான்காரர்கள் தங்கள் தேவைக்காகச் செய்தது, அதனால் ஜப்பானிய எழுத்துக் குறியீடுகள் எல்லாம் வரிசையாக உள்ளே இருக்கும். ஜப்பானிய, சீன எழுத்துகளில் பெரும்பாலும் ஒரு குறியீடு என்றால் ஒரு எழுத்து, அவர்களுக்கு எம்பிஸ்ட்ரிங் ஏறக்குறைய முழுச் சாப்பாடு. நமக்கு உயிர்மெய் இருக்கிறதே, அங்கேதான் அது நின்றுவிடுகிறது. திருநெல்வேலிக்கு 36 பைட், 12 குறியீடு, 6 எழுத்து. சொல்லை நறுக்கித் தரும் எம்பி சப்ஸ்டரிடம் முதல் 7 கொடு என்று கேட்டால் அது கொடுப்பதுதான் மேலே சொன்ன "திருநெல".

ஆனாலும் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதுவும் இல்லாத நிலை இன்னும் மோசம். சாதாரண சப்ஸ்டரால் நறுக்கினால் ஒரு எழுத்தின் மூன்று பைட்டில் ஒன்றோ இரண்டோ மட்டும் மிஞ்சும், திரையில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாகத் தெரியும். அதுகூடப் பரவாயில்லை, கண்ணில் படுகிறது. ஒரு சிற்றிதழ்த் தளத்தில் கைபேசிச் செயலிக்குக் கட்டுரைப் பட்டியல் அனுப்பும் பகுதி திடீரென்று வெறுமையாக வந்தது. சர்வர் சரி, டேட்டாபேஸ் சரி, லாகில் ஒரு பிழையும் இல்லை. ஒரு ராத்திரி முழுக்கத் தேடினேன். நாற்பது கட்டுரைகளில் ஒன்றின் சுருக்கம் பைட் கணக்கில் நடு எழுத்தில் வெட்டுப்பட்டிருந்தது. பட்டியலைச் செயலிக்கு அனுப்பும் ஜேசன் வடிவத்துக்கு மாற்றும் ஃபங்ஷன், உடைந்த யூடிஎஃப்-8 ஒன்று இருந்தாலும் மொத்தப் பட்டியலையும் நிராகரித்து ஃபால்ஸ் என்று திருப்பிவிடும், நாம் கேட்டால் ஒழியக் காரணம் சொல்லாது. ஒரு கட்டுரைக்காக நாற்பதும் போயின. அன்றிலிருந்து தமிழ் ஓடும் இடத்தில் சாதாரண சப்ஸ்டரைத் தொடுவதில்லை.

பிஎச்பியில் தளம் கட்ட உதவும் லாராவெல் எம்பிஸ்ட்ரிங் இல்லாமல் ஓடாது, வேர்ட்பிரஸ்ஸும் அதைப் பரிந்துரைக்கிறது, அதனால் பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ஏற்கெனவே இருக்கும்.

இன்ட்ல் கதை வேறு. 2009-ல் வந்த பிஎச்பி 5.3-லிருந்து கூடவே வருகிறது. உள்ளே வேலை செய்வது ஐசியூ என்ற நூலகம். ஐபிஎம் வளர்த்தது, 2016-லிருந்து யூனிகோட் கூட்டமைப்பின் கீழ் இருக்கிறது. ஆக, தமிழின் அகரவரிசை, மாதப் பெயர்கள், எண்களில் காற்புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் உலகம் முழுக்கப் பலரும் சேர்ந்து சரிபார்த்த தரவாக உங்கள் கைக்கு வருகிறது. நீங்களாகப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நறுக்குவதற்கு கிராஃபீம் சப்ஸ்டர். திருநெல்வேலியில் முதல் 4 என்றால் "திருநெல்" என்று புள்ளியோடு தரும். எழுத்து எழுத்தாகப் பிரித்து அடுக்க முன்பெல்லாம் கொஞ்சம் சுற்றி வளைக்க வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் வந்த 8.4-ல் அதற்கென்றே ஒரு ஃபங்ஷன் சேர்த்துவிட்டார்கள், சொல் விளையாட்டு, குறுக்கெழுத்து செய்கிறவர்களுக்கு அதற்காகவே பதிப்பை உயர்த்தலாம். ஒன்று கவனிக்கணும்: க்ஷ, ஸ்ரீ இரண்டையும் இது இரண்டிரண்டு எழுத்தாக எண்ணும். யூனிகோட் விதிப்படி அது பிழையில்லை, ஆனால் குறுக்கெழுத்தில் ஸ்ரீ ஒரே கட்டத்தில் உட்கார வேண்டும் என்றால் அந்த விதிவிலக்கை நீங்கள்தான் எழுத வேண்டும்.

இன்ட்லின் மேல் எனக்கு மதிப்பு வந்தது, சொற்களை வரிசைப்படுத்தும் கொலேட்டரால்தான். பதிப்பகத்துக்காக ஒரு அகராதி வகைப் புத்தகத்துக்குச் சொல்லடைவு எடுத்துக் கொடுத்தேன். பிஎச்பியின் சாதாரண வரிசைப்படுத்தும் ஃபங்ஷனான சார்ட் போட்டு, அச்செடுத்து, பதிப்பக ஐயாவிடம் நீட்டினேன். அச்சுக்கோப்பவராக வேலைக்குச் சேர்ந்து பதிப்பாளர் ஆனவர், எழுபதைத் தாண்டியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், விரலை ஒரு வரியில் வைத்தார். "தம்பி, பழத்துக்கு அப்புறம் பவளமா வரும்?" என்றார். தாளில் இருந்த வரிசை இது: பந்து, பன்றி, பறவை, பலம், பள்ளம், பழம், பவளம்.

யூனிகோட் அட்டவணையில் ன-வை ந-வுக்குப் பக்கத்திலும், ற-வை ர-வுக்குப் பக்கத்திலும் வைத்திருக்கிறார்கள், ள-வும் ழ-வும் வ-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கின்றன. மற்ற இந்திய மொழிகளின் அட்டவணையோடு இடம் பொருந்த வேண்டும் என்று பழைய இஸ்கி தரத்தின் அடுக்கை அப்படியே எடுத்துக்கொண்டதன் விளைவு. சாதாரண சார்ட்டுக்குத் தெரிந்தது அந்த எண் வரிசை மட்டும்தான். கொலேட்டரைத் தமிழ் லோக்கேலோடு, அதாவது தமிழ் மொழிக்கான அமைப்போடு, அழைத்ததும் பந்து, பலம், பவளம், பழம், பள்ளம், பறவை, பன்றி என்று வந்தது. ய ர ல வ ழ ள ற ன, நாம் வாய்ப்பாடாகச் சொன்ன அதே வரிசை. ஜானகி என்ற பெயரையும் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவிலிருந்து எடுத்து, கிரந்த எழுத்துகள் இருக்க வேண்டிய கடைசிக்குக் கொண்டுபோய்விட்டது. மாற்றியது இரண்டே வரி. ஐயாவிடம் மறுபடி கொடுத்தபோது முழுக்கப் படித்துவிட்டு "இப்பதான் அகராதி மாதிரி இருக்கு" என்றார். தமிழ்ப் பெயர்ப் பட்டியல் காட்டும் எத்தனையோ தளங்களில் இன்றும் பவளம் கடைசியில்தான் இருக்கிறது. இரண்டு வரி வேலை, தயவுசெய்து செய்துவிடுங்கள்.

அடுத்து, ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் நார்மலைசர். இதை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன், அதற்குள் அந்தப் பதிப்பகத்துக்கு விற்பனை கொஞ்சம் போயிருக்கும். வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, பொன் என்று தேடினால் புத்தகமே வரவில்லை என்றார். நான் தேடினால் வந்தது. அவர் தேடினால் வரவில்லை. அவர் தட்டிய சொல்லை வாட்ஸ்அப்பில் வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், கண்ணுக்கு ஒரு மயிரிழை வித்தியாசமும் இல்லை. பைட்டை எண்ணினேன். என்னுடைய பொன் 12 பைட், அவருடையது 15. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு குறியீடாகவும் வைக்கலாம், யூனிகோட் இரண்டையும் ஒன்று என்றே சொல்கிறது. ஆனால் என் தேடல் நிரல் பைட்டுக்கு பைட் ஒப்பிட்டுப் பார்த்து இல்லை என்று கையை விரித்துவிட்டது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளிலும், சில விசைப்பலகைகளிலும் இந்த உடைந்த வடிவம் வரும். இப்போது டேட்டாபேஸுக்குள் போகும் எந்தத் தமிழ்ச் சொல்லையும், தேடல் பெட்டியில் வரும் சொல்லையும், நார்மலைசர் வழியாக ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் தொடுகிறேன்.

அது எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஔ என்ற எழுத்துக்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டு எழுத்தைச் சேர்த்துத் தட்டும் பழக்கம் நம்மிடம் மிக அதிகம். அவ்வையார் பெயரை இப்படி எழுதிய தளங்கள் ஏராளம். பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் யூனிகோடுக்கு அது வேறு சொல், நார்மலைசர் தொடாது. சரி, நாமே ஒள வந்தால் ஔ என்று மாற்றிவிடலாம் என்று இறங்கினால் ஒளி காணாமல் போகும். கெளரவத்தைக் கௌரவம் ஆக்கப் போய் மீன் கடைக்காரரின் கெளுத்தியைக் கெடுத்துவிடுவோம். இதற்கு ஒரு சொற்பட்டியலைக் கையால் வைத்துக்கொள்வதுதான் வழி, என்னிடம் அப்படி ஒன்று வளர்ந்துகொண்டே இருக்கிறது.

எண்கள், தேதிகள் விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண நம்பர் ஃபார்மட் 1234567-ஐ 1,234,567 என்று எழுதும். இன்ட்லில் இந்தியத் தமிழ் லோக்கேல் கொடுத்தால் 12,34,567, லட்சக் கணக்கு. சிங்கப்பூர், மலேசியத் தமிழ் லோக்கேல் கொடுத்தால் அங்கே புழங்கும்படி மறுபடி மூன்று மூன்றாக. இந்த அளவு நுணுக்கம் உள்ளே இருக்கிறது. தேதிக்கு முன்பு எஸ்டிஆர்எஃப்டைம் என்று ஒன்று இருந்தது, 8.1-ல் அதைக் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், இனி தமிழில் மாதப் பெயர் வேண்டுமென்றால் இன்ட்லின் தேதி ஃபார்மேட்டர்தான் நேர்வழி. ஆகஸ்ட், செப்டம்பர் என்று தமிழில் தரும், நாள் பெயரும் தரும். சித்திரை, வைகாசி கேட்டால் கிடைக்காது. இந்திய நாட்காட்டி என்று உள்ளே இருப்பது 1957-ல் அரசு ஏற்றுக்கொண்ட சக நாட்காட்டி, நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் இல்லை. கோவில் தளம், பஞ்சாங்கத் தளம் செய்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு இறங்கவும்.

தமிழ்த் தலைப்பிலிருந்து இணைய முகவரிக்கு ஆங்கில எழுத்து வடிவம் எடுக்க அதிலேயே டிரான்ஸ்லிட்டரேட்டர் இருக்கிறது. முகவரிக்கு நன்றாகவே போதும், ஆட்களின் பெயருக்குப் பயன்படுத்தாதீர்கள். அது எழுத்தை மாற்றும், ஒலியை மாற்றாது. எல்லா க-வும் அதற்கு ஒரே க-தான், அதனால் தங்கம் என்ற அம்மாளின் பெயரை அந்த எழுத்துகளில் படித்தால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

இன்ட்லோடு சேராத ஒன்று, ஆனாலும் இங்கே சொல்லாவிட்டால் மனசு கேட்காது: எழுத்துக் கோலங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் சொல்லைப் பிடிக்க எல்லாரும் போடும் அந்தப் பின்சாய்வு டபிள்யூ, யூனிகோட் கொடியைப் போட்டாலும் தமிழ்ச் சொல்லை உயிர்க்குறிகளில் உடைத்துவிடும். எழுத்து என்ற வகையோடு குறி என்ற வகையையும் சேர்த்துக் கேட்டால்தான் முழுச் சொல் வரும். தமிழில் வந்த பெயரை "தவறான பெயர்" என்று திருப்பி அனுப்பும் படிவங்களில் பாதிக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி நிறுவுவது பற்றி. இங்கேதான் இன்ட்லின் மேல் எனக்குக் குறை. உபுண்டு, டெபியனில் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் ஒரு நிமிட வேலை. விண்டோஸில் சாம்ப் வைத்திருப்பவர்கள் பிஎச்பி ஐஎன்ஐ கோப்பில் அந்த வரிக்கு முன்னால் இருக்கும் அரைப்புள்ளியை எடுத்துவிட்டு அப்பாச்சியை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். தளத்தையும் அதற்குத் தேவையானதையும் ஒரே இமேஜாகக் கட்டி ஓட்டும் டாக்கரில் ஐசியூவின் டெவலப்மென்ட் பேக்கேஜை முதலில் போட்டுவிட்டுத்தான் கட்ட முடியும், கொஞ்சம் நேரம் பிடிக்கும், இமேஜும் கனக்கும்.

அந்தக் கனத்தைக் குறைக்கத்தான் ஒரு தடவை ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் இமேஜுக்கு மாறினேன். எல்லாம் ஓடியது, பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை, ஆனால் இதழின் ஒவ்வொரு கட்டுரையின் மேலும் தேதி ஆங்கிலத்தில் வந்து நின்றது. நீட்சி இருக்கிறதா என்று பார்த்தால் இருக்கிறது, லோக்கேல் சரியாகக் கொடுத்திருக்கிறேன். ஆல்பைன் 3.16-லிருந்து ஐசியூவின் தரவைப் பிரித்து, ஆங்கிலத்தை மட்டும் கூடவே வைத்துவிட்டு மற்ற எல்லா மொழிகளையும் முழுத் தரவு என்ற தனிப் பேக்கேஜில் போட்டுவிட்டார்கள். அதையும் சேர்த்ததும் தமிழ் திரும்பி வந்தது. இடம் மிச்சம் பிடிக்க முதலில் இறக்கிவிடப்படுவது நம் மொழிகள்தான் என்பது உறுத்தியது. பிழை என்று ஒரு வரி காட்டியிருந்தாலாவது இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

பகிர்வு ஹோஸ்டிங் வைத்திருப்பவர்கள் பணம் கட்டும் முன்பே இன்ட்ல் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நூலகத் தளத்தை முதலில் வைத்திருந்த இடத்தில் இல்லை. கேட்டதற்கு, அது அதிகம் பேருக்குத் தேவைப்படாது, வேண்டுமென்றால் மூன்று மடங்கு விலையுள்ள திட்டத்துக்கு மாறுங்கள் என்று பதில் வந்தது. நூலகத்தின் வருடப் பட்ஜெட்டே அவ்வளவுதான். வேறு இடம் தேடி மாறினோம். இல்லாத நீட்சியின் வேலையை பிஎச்பியிலேயே எழுதிச் செய்யும், சிம்ஃபொனி திட்டம் தரும் பாலிஃபில்கள் இருக்கின்றன, கிராஃபீமுக்கும் நார்மலைசருக்கும் அவை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் லோக்கேல் சார்ந்த பாலிஃபில் ஆங்கிலத்துக்கு மட்டும்தான், தமிழ் வரிசையும் தமிழ்த் தேதியும் அதில் கிடையாது. தளத்துக்கு என்னென்ன தேவை என்று பார்த்து நிறுவும் கம்போசரின் கோப்பில் இன்ட்ல் வேண்டும் என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டால், அது இல்லாத சர்வரில் நிறுவும்போதே நின்றுவிடும், வாசகர் கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக ஐகான்வ். வருடத்துக்கு ஒருமுறைகூடத் தொட மாட்டோம், ஆனால் ஒரு காரியத்துக்கு அதைவிட்டால் வேறு இல்லை. யூனிகோட் பரவுவதற்கு முன்பு இணையத்தில் தமிழர்கள் எழுதியதில் நிறைய டிஸ்கி என்ற குறியேற்றத்தில் இருக்கிறது. எம்பிஸ்ட்ரிங்குக்கு அது தெரியாது. ஐகான்வ் லினக்ஸின் சி நூலகத்தைக் கேட்டு மாற்றுகிறது, அந்த ஜிலிப்சியில் டிஸ்கி இருக்கிறது. டெபியனில் நேராக வேலை செய்தது, ரெட்ஹாட் வகையில் ஜிகான்வின் கூடுதல் பேக்கேஜ் ஒன்றையும் போட வேண்டும். சிற்றிதழ் ஆசிரியர் ஒரு பழைய சிடியைக் கொடுத்து, இருபது வருடத்துக்கு முந்தைய இதழ்கள், எந்தக் கணினியிலும் படிக்க வரவில்லை என்றார். திறந்தால் கொக்கியும் வட்டமும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தது. டிஸ்கியிலிருந்து யூடிஎஃப்-8 என்று ஒரே ஒரு வரி கொடுத்து ஓட்டினேன். தலையங்கம், கவிதைகள், சந்தா விவரம் வரை எல்லாம் வந்தது, ஓரிரு இடத்தில் மேற்கோள்குறி மட்டும் பிசகியிருந்தது. அப்படியே நார்மலைசர் வழியாகவும் ஒரு சுற்று விட்டேன். அறுபத்து மூன்று கோப்புகளில் ஐம்பத்திரண்டு அன்று மாலைக்குள் முடிந்தன. மீதி பதினொன்று பாமினி எழுத்துருவில் அடித்தவை. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு, ஐகான்வுக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் வடிவம் என்று கையால் அட்டவணை எழுதி ஒவ்வொன்றாக மாற்றி வருகிறேன், இன்னும் இரண்டு இதழ் பாக்கி இருக்கிறது.